வேலியோரப் படம்

“அந்த வேலியைப் புடிச்சிக்கிட்டு நில்லும்மா. சிரிக்காத.”

பிரவீன்குமார் வாயில் இது தானாக வந்துவிடும். விருத்தாசலத்திலிருந்து ஒரு நாளிதழுக்குப் படமும் செய்தியும் அனுப்புகிற பகுதிநேர நிருபர். கேமராப் பையில் லென்ஸ் துடைக்கும் துணியோடு வறுத்த வேர்க்கடலையும் கிடக்கும். இலங்கைத் தமிழர் முகாம் என்றால் முள்வேலி, காலிக்குடம், கன்னத்தில் கை. அலுவலகம் இதைத்தான் கேட்கும். வாசலில் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பலகை மாறி வருடங்களாயிற்று. செய்தியில் இன்னும் அகதிகள்தான். அங்கே ஒருவர் சைக்கிள் திருடினால் ‘அகதி கைது’. அங்கிருந்தே ஒரு பெண் பரிசு வாங்கினால் ‘விருத்தாசலம் மாணவி சாதனை’. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் சொன்னால், “நான் இன்னா சார் பண்றது? படம் எடுக்கிறவன்” என்று தலையைச் சொறிவார்.

அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்த தமிழினி, தொழிற்பேட்டையில் வாடகைக்கு இடம் பிடித்து, மின்சார ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் பட்டறை தொடங்கியிருந்தார். முதல் சூளை பிரிக்கும் நாள். “படம் கலர்ல வரும் சார், பாருங்க” என்று பைக்கை விரட்டினார் பிரவீன்குமார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். அத்தனை உற்சாகத்திலும் பழக்கம் விடவில்லை. முதலில் முகாமுக்குப் போய்த் தமிழினியை வேலியோரம் நிறுத்தி, நாலைந்து படம் எடுத்துவிட்டார்.

பொறுமையாக நின்றுவிட்டுத் தமிழினி சொன்னார்: “அண்ணா, இது பேப்பர்ல வந்தா ஐயோ பாவம்பாங்க. பாவம் பாத்து யாரு ஃபியூஸ் கட்டை வாங்குவாங்க? எனக்கு ஆர்டர் வரணும். வரலைன்னா அடுத்த சூளை கெடையாது.”

பிரவீன்குமார் முகம் சுண்டிப்போனது.

பட்டறையில் சூளைக் கதவைத் திறந்ததும் எல்லோரும் முண்டியடித்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக ஃபியூஸ் கட்டைகள். விரிசல் இல்லை, கோணல் இல்லை. தமிழினி ஒன்றை எடுத்துச் சுண்டினார். கணீரென்றது. அப்போது அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே விசிலடிக்கத் தோன்றியது. பிரவீன்குமார் அந்தச் சிரிப்பைப் பிடித்து, அங்கிருந்தே அனுப்பினார்.

டீ வருவதற்குள் அலுவலகத்திலிருந்து போன். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா பாத்தா அகதி மாதிரியே தெரியலையே. வேலி, கண்ணீருன்னு வேற எதுனா எடுத்திருப்பியே? அதை அனுப்பு, வச்சிடலாம்.”

தமிழினி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

“வேற எதுவும் இல்லீங்க சார். இது ஒண்ணுதான்” என்றார் பிரவீன்குமார். சொல்லிக்கொண்டே கேமராத் திரையைத் தமிழினி பக்கம் திருப்பி, வேலியோரப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.