பிரார்த்தனை நேரத்தில் தம்ளர் கழுவியவன்

குடியை விடுவதற்காக ராயபுரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்குப் போகப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். என் அப்பா கடைசிவரை கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. எம்.கே.பி. நகரில் எங்கள் வரிசையில் சாமி படம் மாட்டாத சுவர் எங்கள் வீட்டுச் சுவர் மட்டும்தான். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன் ஒயின்ஷாப்புக்கு மட்டும் நாள் தவறாமல் போனதை அவள் நினைவுபடுத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். காலையில் என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வேலை போகும், அதற்கு முன்னால் யார் தலையிலாவது இரும்பு விழும். அந்தப் பயம்தான் என்னைக் கொண்டுபோய் அந்த ஹாலில் உட்கார வைத்தது.

அங்கே பார்த்தவர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம். அதனால் இங்கேயும் யார் பெயரும் இல்லை.

குடியிலிருந்து மீளப் பன்னிரண்டு படிகள் என்று சுவரில் ஓர் அட்டை தொங்கியது. இரண்டாவது படியிலேயே நம்மைவிடப் பெரிய சக்தி வந்துவிட்டது. மூன்றாவதில் கடவுளே வந்து நின்றார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். எனக்குத் துணையாக அமைந்த ஸ்பான்சர் என்னைவிட வயதில் சின்னவர், படகு இன்ஜின் மெக்கானிக், ஞாயிறு பூசை தவறாதவர். சண்டைக்குத் தயாராகத்தான் அவரிடம் போனேன். அவர் சண்டை போடவில்லை.

"உனுக்கு மேல ஒண்ணு கீதுன்னு ஒத்துக்கினா போதும் அண்ணாத்த. அது இன்னான்னு நீயே பாத்துக்க" என்றார்.

மறுநாள் கிரேன் கேபினில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். மேலே இருக்கும் எனக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. மேல்தளத்தில் சரக்கு இறக்கும் திறப்பின் ஓரத்தில் சிக்னல்மேன் நின்று கை காட்டுவார். அந்தக் கை உயர்ந்தால் தூக்குவேன், மூடினால் நிறுத்துவேன். நான் பார்க்க முடியாததை இன்னொருவன் பார்க்கிறான் என்று தினமும் ஒப்புக்கொண்டுதானே சம்பளம் வாங்குகிறேன்? எனக்குத் தெரியாத என் அடிவயிற்றை அந்த ஹாலில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். எனக்குப் பெரிய சக்தி அவர்கள்தான் என்று முடிவு கட்டினேன். மெக்கானிக்கும் சரி என்றார்.

பாக்கி இருந்தது கடைசிப் பிரார்த்தனை. கூட்டம் முடியும்போது எல்லோரும் வட்டமாக நின்று கைகோத்துக் கடவுளைக் கூப்பிடுவார்கள். அவர்கள் எழுந்ததும் நான் டீ தம்ளர்களை அள்ளிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய்விடுவேன். கொள்கைக்குக் கொள்கை, தம்ளருக்குத் தம்ளர் என்று எனக்கு ஒரே பெருமை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றாள் மனைவி.

ஒரு நாள் சாயங்காலம் எண்ணூரிலிருந்து புதிதாக ஒருவன் வந்திருந்தான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். பிரார்த்தனைக்கு எல்லோரும் எழுந்தார்கள், நான் வழக்கம்போலக் குழாயடிக்குப் போனேன். திரும்பினால் பின்னால் அவன் நிற்கிறான்.

"நானும் இந்த சாமி பூதம்லாம் நம்பறதில்ல மாமு. நீ எந்திரிச்சி வந்தத பாத்துதான் நானும் வந்தேன். வா, போலாம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. தெருமுனை ஒயின்ஷாப் அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே இத்தனை பேர் இருக்க, அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்குத் திறப்பின் ஓரத்தில் சிக்னல்மேனாக நின்றவன் நான். என் கை வெளியே போ என்று காட்டியிருக்கிறது.

தம்ளர்களைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். வட்டம் விலகி எங்களுக்கு இடம் விட்டது. அவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. ஒரு பக்கம் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் மெக்கானிக் நட்டை முறுக்குகிற மாதிரி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "அவங்க சாமிய கூப்டும்போது நீ இன்னா சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்றதில்ல நைனா. கைய மட்டும் வுடறதில்ல."

நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை நின்றேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அவன் வந்தான், நானும் நின்றேன். இப்போது பிரார்த்தனை முடிந்த பிறகுதான் தம்ளர் கழுவுகிறோம், இரண்டு பேரும்.