அரை நட்சத்திரம்

அந்தத் தாளை தேயிலைத் தோட்டத்து வரிசை லயத்தில் எங்கள் வீட்டின் கதவுக்குப் பக்கத்தில், மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினேன். தோட்டத்து முன்பள்ளி டீச்சர் கட்டம் போட்டுக் கொடுத்தது. பல் தேய்க்க ஒரு வரிசை, தானாகச் சாப்பிட ஒரு வரிசை, அம்மாவைக் கேட்டு அழாமல் இருக்க ஒரு வரிசை. மூன்றாவது நான் கேட்டுப் போட்டது. மனைவி வீட்டு வேலைக்குக் குவைத் போனதிலிருந்து, காலையில் மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஆளெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நான் பிந்திப் போவேன். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நல்லபடியா நடந்தா ஒரு நட்சத்திரம் ஒட்டுங்க. தாள் நெறஞ்சா சின்னதா ஏதாவது வாங்கிக் குடுங்க" என்றார் டீச்சர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீச்சர் முன்னால் தலையாட்டுவதோடு சரி. லுணுகலை டவுனுக்குப் போய் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி வந்தேன்.

முதல் நாளே மகள் கேட்டாள். "இது நெறஞ்சா என்னப்பா தருவீங்க?"

கலர் பென்சில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "அம்மா வந்துருவாங்களா?" என்றாள்.

டீச்சருக்கு ஆட்டியது போலவே தலையை ஆட்டிவிட்டேன்.

அதோடு அழுகை நின்றது. மறுநாள் பெரட்டில் நான்தான் முதல் ஆள். ஆனால் தாள் மளமளவென்று நிறைந்துகொண்டே வந்தது. மனைவியின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அந்தத் தாள்தான். இன்னும் எத்தனை வெறும் கட்டம் மிச்சம் என்று தினமும் எண்ணினேன்.

எங்கள் தோட்டத்தில், சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர் போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள் கணக்குத்தான். தாள் நிறைவதைத் தள்ளிப்போட எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தலை சீவும்போது மகள் லேசாகச் சிணுங்கிய ஒரு காலையில், நட்சத்திரத்தைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி ஒட்டினேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். "அரப்பேரா?"

"ஆமா."

"நீங்க கங்காணிய விட மோசம்ப்பா!" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். சண்டைக்கு வரவில்லை. மறுநாள் நான் சீப்பை எடுத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி போனில் வந்தாள். மகள் போனைத் திருப்பித் தாளைக் காட்டினாள்.

"பாருங்கம்மா, நெறஞ்சிருச்சு! பொட்டி கட்டிட்டீங்களா?"

"எதுக்குப் பொட்டி, பாப்பா? என்னங்க, இவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

நான் அடுப்பை ஊதுவது போல் குனிந்துகொண்டேன். பிறகு, "அம்மாவ இப்ப விட மாட்டாங்கடா தங்கம்" என்றாள் மனைவி. அழுதது அவள்தான். மகள் அழவில்லை. அழாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்கும் அங்க அரப்பேருதான் போடுறாங்களாப்பா?"

மறுபடியும் தலையாட்டினேன்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டு இன்னொரு தாள் கொண்டுவந்தாள். பழையதை ஒட்டினாற்போல் என்னை ஒட்டச் சொல்லி, மேலே 'அம்மா' என்று எழுதினாள். அதில் நட்சத்திரம் ஒட்டுவது அவள்தான். எல்லாமே முழு நட்சத்திரம். பாதித் தாள் அதற்குள் நிறைந்துவிட்டது.

கத்தரிக்கோலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.