என்றைக்கும் ஜூன் ஒன்பது

காலையில் தையல் கார்கானாவின் ஷட்டரைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, இரும்பு ஏணியில் ஏறி மேல் அறைக்குப் போனதும் இசக்கிசெல்வி முதலில் செய்கிற வேலை, ஒரு பொய் எழுதுவது. பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினால் அது சளி பிடித்த ஆள்போல இரண்டு தடவை உறுமும். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்று தேதி கேட்கும். அவள் ஆறு எண்களைத் தட்டுவாள். ஜூன் ஒன்பது, இரண்டாயிரத்து நான்கு. அதன் பிறகுதான் திரையில் வெளிச்சம் வரும், தையல் டிசைன் போடுகிற புரோகிராம் திறக்கும், பக்கத்தில் நிற்கும் ஆறு தலை எம்ப்ராய்டரி மெஷினுக்கு வேலை கிடைக்கும்.

வெளியே தாராவியில் மழை கொட்டியது, கணபதி ஊர்வலம் போனது, பெருநாள் வந்தது, கொரோனா வந்து தெருவையே மூங்கில் கட்டி அடைத்தார்கள். அந்த அறைக்குள் மட்டும் இருபது வருஷமாக ஒரே நாள்.

அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். பதினான்கு வயதில் தாகா கட்டிங் வேலைக்கு வந்தாள். தைத்து வரும் துணியில் தொங்குகிற நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கிற வேலை அது. தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டும். அதிகம் பேச மாட்டாள். யாராவது பெயர் கேட்டால்கூட ஒரு நிமிஷம் கழித்துத்தான் சொல்லுவாள். ஆனால் கண் சும்மா இருக்காது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. அதிலிருந்து சுனாபட்டியில் தம்பி வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்குப் படுக்கை.

கார்கானா முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் அந்த மெஷினையும் கம்ப்யூட்டரையும் வாங்கிய வருஷம் மாரிக்கண்ணன் என்பவன்தான் அதை ஓட்டினான். ஆறாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான். பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாதி முடிந்த பள்ளிக்கூட பேட்ஜ் ஆர்டர் ஒன்று மெஷினில் அப்படியே நின்றது. அப்போது தாகா கட்டிங்கும் அதே மேல் அறையில்தான். தரையில் இருந்த இசக்கி எழுந்து போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எலியைப் பிடிப்பதுபோல மௌஸைப் பிடித்தாள். திரையில் இருந்த இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் மேல் வரிசையில் இரண்டாவதைத் தட்டினால் ஒரு பட்டியல் விழும், அதில் கீழிருந்து மூன்றாவது, நூலின் போக்கை மாற்றும், இடது ஓரத்தில் கத்தரிக்கோல் மாதிரி இருப்பது நூலை அறுக்கும் என்பதெல்லாம் ஆறு மாதம் தரையில் இருந்து பார்த்ததில் மனசில் ஏறியிருந்தன. மெஷின் ஓடியது.

"ஏ புள்ள, நீ எப்பம் படிச்ச இத?" என்றார் பாய்.

"படிக்கல பாய். பாத்தேன்."

அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. இந்த ஊரில் அவள் பேருக்கு என்று இருந்தது அது ஒன்றுதான்.

மெஷின் வந்து ஒரு வருஷம் முடிந்தபோதுதான் சங்கடம் வந்தது. புரோகிராமுக்கு வாங்கின லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான். புதுப்பிக்க பாய் போனபோது விற்ற கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஊரை விட்டே போய்விட்டார்கள். முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவன், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகார பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். தினமும் லைசென்ஸ் வருஷத்துக்குள் ஏதாவது ஒரு பழைய தேதியைப் போட்டால் புரோகிராம் ஏமாந்து வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு தடவை நிஜத் தேதியைப் பார்த்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு பழைய தேதியைப் போட்டாலும் திறக்காது. மெஷின் வந்த நாளையே போடலாம் என்றார் பாய். ஜூன் ஒன்பது.

ஐந்து வேளையும் தொழுகிறவர் பாய். துணி அரை மீட்டர் குறைந்தால் கஸ்டமரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்படிப்பட்டவருக்கு இது தொண்டையில் முள்ளாகவே இருந்தது.

"இது பொய்தான் இசக்கி. அல்லாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ யார்ட்டயும் சொல்லாத. எம்மவன்ட்ட கூட."

"சொல்ல மாட்டேன் பாய்."

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். வாங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புரோகிராமுக்குச் சாவி மாதிரி ஒரு கட்டை பின்பக்கம் செருகியிருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருகத் துளையே கிடையாது. மெஷினும் ஃபிளாப்பி தவிர வேறெதையும் வாய்க்குள் வாங்காது. ஃபிளாப்பியும் கடையில் கிடைக்காமல் போனதால் இருந்த நான்கையே அழித்து அழித்து எழுதினாள். அவள் போட்ட ஆயிரத்துச் சொச்சம் டிசைன்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. குர்த்திக் கழுத்து, புர்காக் கை, முப்பது பள்ளிக்கூடங்களின் பேட்ஜ். ஒரு பள்ளிக்கூடத்து பேட்ஜில் விளக்கு எரியும். அந்தச் சுடர் காற்றில் லேசாக இடது பக்கம் சாய்ந்த மாதிரி வர மூன்று நாள் பிடித்தது அவளுக்கு. வெளியே யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

போன மார்ச்சில் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. தாணேயில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கார்கானா மகன் ராஹில் கைக்கு வந்தது. நல்ல பையன், ஓயாத ஓட்டம். கம்ப்யூட்டரின் உறுமல் இரண்டிலிருந்து ஏழெட்டாக ஏறிக்கொண்டிருந்ததை அவனும் கேட்டான்.

"அக்கா, டப்பா எப்ப வேணாலும் போயிரும். செம்பூர்ல பேச்சிராஜான்னு ஒருத்தர், பழைய சிஸ்டம்லாம் பாப்பாரு. திங்கக்கிழம வாராரு. உங்க டிசைன் ஃபுல்லா காப்பி எடுத்து வச்சிரலாம். டென்ஷன் நஹி லேனேகா, கவலப்படாதீங்க."

வருகிற ஆள் தேதியைத் தொட்டால் எல்லாம் போகும். தொடாதே என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சயானில் ரயில் ஏறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தாணேக்குப் போனாள். பாயின் மனைவி நூர் நிஷா கதவைத் திறந்தாள்.

"வா இசக்கி. பேச்சு வரல. கண்ண வச்சித்தான் எல்லாம் சொல்லுதாவ. நாந்தான் கெடந்து முழிக்கேன்."

பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். தாடியை யாரோ ஒழுங்கில்லாமல் வெட்டியிருந்தார்கள். நூர் நிஷா டீ போட உள்ளே போகும்வரை காத்திருந்து இசக்கி குனிந்தாள்.

"பாய், நாளைக்குக் கம்ப்யூட்டர் பாக்க ஆளு வருது. தேதி விசயத்த ராஹில் தம்பிட்ட சொல்லிரட்டா?"

பாய் அவளையே பார்த்தார். கண் கலங்கியது. இடது கையை மெல்லத் தூக்கி, விரலை உதட்டின்மேல் வைத்தார்.

"சரி பாய்."

விரல் கீழே விழுந்தது. மறுபடியும் தூக்கி உதட்டில் வைத்தார். தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது.

"சொல்லவே மாட்டேன் பாய். நீங்க வெசனப்படாதிய." அவர் காலைத் தொட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

திங்கள் காலை பேச்சிராஜா வந்தான். நாற்பது வயது, வாயில் சிரிப்பு, தோளில் பை. அவன் ஏணி ஏறி வருவதற்குள் தேதியைப் போட்டு முடித்திருந்தாள். அவன் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து தடவிக் கொடுத்தான்.

"ஏயப்பா! வின்டோஸ் தொண்ணூத்தெட்டு. இதெல்லாம் மியூசியத்துல டிக்கெட் போட்டுக் காட்டணும் ராஹில் பாய்."

"காட்டுங்க, பாதி எனக்கு," என்றான் ராஹில்.

பேச்சிராஜா நாற்காலியில் உட்கார்ந்தான். இசக்கி மெஷின் ஓரமாக நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முந்தைய நாள் எழுதின ஃபிளாப்பியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆறு தலையும் சேர்ந்து. அவன் ஏதேதோ திறந்தான், ஒரு வயரைச் செருகினான். பிறகு திரையின் வலது மூலையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, நீங்க இன்னும் ரெண்டாயிரத்து நாலுலயே இருக்கீங்க? கடிகாரம் செத்துக் கெடக்கு. இருங்க, பேட்டரி இருக்கு, மாட்டிவிட்டுருதேன். தேதி சரியில்லன்னா காப்பி எடுக்கப்ப எது புதுசு எது பழசுன்னு தெரியாது."

"அத மாத்தாண்டாம்," என்றாள்.

மெஷின் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. ஆனால் அவன் வாயசைவைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"என்னக்கா?"

"மாத்தாண்டாம் அண்ணே."

"ஏன்?"

ராஹிலும் திரும்பிப் பார்த்தான். இரண்டு ஆம்பிளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்ணுக்கு முன்னால் பாயின் விரல் உதட்டுக்குப் போய் நின்றது.

"சும்மாதான்," என்றாள்.

"சும்மாவா!" பேச்சிராஜா சிரித்தான். "வயசு கூடிருமேன்னு பயப்படுதாவ போல."

அவன் கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, பேட்டரியை மாட்டினான். மறுபடி போட்டான். கறுப்புத் திரையில் வரி வந்து தேதி கேட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவர் விரல் அதற்குப் பதில் சொன்னது. அன்றைய தேதி. அவள் நூல்கண்டை அமுக்கினதில் அட்டைக் குழல் நசுங்கியது.

புரோகிராமைத் திறந்தான். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"லைசென்ஸ் முடிஞ்சிருச்சாம்," என்று வாசித்தான். "அட, இதுக்குத்தானா!" வேகவேகமாகப் பழைய தேதியைப் போட்டுத் திறந்தான். அதே சாம்பல் பெட்டி. இன்னொரு தேதி. அதே பெட்டி. மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் பின்பக்கத்துக் கட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இதுலயே எழுதிப் பூட்டிருக்கான் ராஹில் பாய். ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, ஒண்ணு விடாம காப்பி எடுத்துட்டேன். ஆனா தெறக்கதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு." அவன் முகத்தில் சிரிப்பில்லை. "அக்கா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

அவன் போன பிறகு அவள் ராஹிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவள் ஒரே மூச்சில் பேசியதில்லை. லைசென்ஸ், பூட்டின கம்பெனி, ஜூன் ஒன்பது, பாய் வாங்கிய வாக்கு. ராஹில் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"வாப்பாவா?" என்றான். "தெனம் பொய்த் தேதி போட்டா? டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போனா ராத்திரி சோறு எறங்காது அவருக்கு. அவர் சொன்னாரா?"

"ஆமா தம்பி."

"அக்கா, தப்பு நடந்துபோச்சு, போவட்டும். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க தப்ப வாயில்லாம கெடக்க மனுசன் தலைல போடாதீங்க. நான் அவர்ட்ட போயி இத எப்படிக் கேப்பேன்?"

அவள் நசுங்கின நூல்கண்டை டப்பாவில் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினாள்.

பதினைந்து நாளில் மெஷினைக் கழற்றி, எடைக்குப் பதிமூன்றாம் காம்பவுண்டுப் பழைய சாமான் கடைக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான். புது மெஷின் வந்தது. கூடவே அதை ஓட்ட சஃப்ரீன் என்ற பெண் வந்தாள். கோர்ஸ் படித்தவள். திரையில் மேல் வரிசையே கிடையாது, எல்லாம் வலது ஓரத்தில் படம் படமாகத் தொங்கியது. ராஹில் இசக்கியை ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்தான். அவள் விரல் பழைய இடங்களுக்கே போனது. அங்கே ஒன்றும் இல்லை. மாலையில் அவளாகவே எழுந்து கீழே வந்து, தாகா கட்டிங்கில் ஆள் குறைந்த இடத்தில் உட்கார்ந்தாள். ராஹில் அதைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புது மெஷினுக்கு துவா ஓத நூர் நிஷா தாணேயிலிருந்து வந்தாள். எல்லோருக்கும் ஜீரா சோடாவும் சமோசாவும் கொடுத்துவிட்டு இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாயி எப்படி இருக்காவ பாயம்மா?"

"இருக்காவ. இப்பம் எனக்குக் கொஞ்சம் வெளங்குது. பசிச்சா வயித்தத் தட்டுவாவ. தண்ணி வேணும்னா வெரல ஒதட்டுல வைப்பாவ. அன்னைக்கி நீ வந்துட்டுப் போன பெறவு ஒரு சொம்புத் தண்ணியையும் குடிச்சாவ, பாவம், எம்புட்டு நேரமாத் தவிச்சாவளோ." நூர் நிஷா அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னட்டி, ஒரு மாதிரி ஆயிட்ட?"

"ஒண்ணுமில்ல பாயம்மா."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் விளக்கு போட்ட பேட்ஜுக்கு ஆர்டர் வந்தது. அதே பள்ளிக்கூடம். சஃப்ரீன் பழைய பேட்ஜ் ஒன்றைப் படமெடுத்து, அரை மணி நேரத்தில் டிசைன் போட்டுவிட்டாள். மாலையில் முதல் கட்டு கீழே வந்தது. இசக்கி ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள். விளக்கு இருந்தது, எழுத்து இருந்தது. சுடர் நட்டுக்குத்தலாக, சாயாமல், ஆணி மாதிரி நின்றது.

சஃப்ரீன் ஏணியில் பாதி இறங்கி நின்று கேட்டாள். "இசக்கிக்கா, நீங்கதான் முன்னாடி இத போட்டீங்களாமே. சரியா இருக்கா, பாருங்க?"

இசக்கி பேட்ஜைத் திருப்பினாள். பின்பக்கம் நூல்கள் தொங்கின.

"சரியாத்தான் இருக்கு," என்றாள். கத்தரியை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.