என் காருக்குச் சாமி வந்த கதை

சிறுமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை நான். வெள்ளி மாலை காரில் மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும், வாளித் தண்ணீரைக் கொட்டிச் சக்கரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவேன். ஒரு வாரமும் தவறியதில்லை.

போன மாதம் காந்திகிராமம் அருகே ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஸ்டியரிங் என் கையில் கிடுகிடுவென ஆடியது. ஆடு தப்பித்துவிட்டது, எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

"பூசை போட்டுப் போட்டு உன் காருக்குச் சாமி வந்திருச்சு" என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

மெக்கானிக் சேவியர் அண்ணன் ஓட்டிப் பார்த்தார். "சும்மா ஓடுறப்ப ஆடல. பிரேக் போட்டாத்தான் ஸ்டியரிங் ஆடுது. அப்ப முன் சக்கரத்து பிரேக் டிஸ்க்குதான் கோணியிருக்கு. மலையெறங்குனதும் தண்ணி ஊத்துவீங்களா டீச்சர்?"

"வெள்ளிக்கெழமையாச்சேண்ணே!"

"மலையெறங்க பிரேக் புடிச்சுப் புடிச்சு டிஸ்க்கு கொதிச்சுக் கெடக்கும். அம்புட்டுச் சூட்டுல பச்சத்தண்ணிய ஊத்துனா தாங்குமா? செத்த நேரம் ஆறவிட்டா சாமி கோவிச்சுக்காது."

கூட வந்திருந்த கணவரும் சேர மூவரும் சிரித்துவிட்டோம். டிஸ்க்கை மாற்றியதும் ஆட்டம் நின்றது.

இப்போது வெள்ளி மாலை முதலில் காப்பி. பிறகு கணவர் சக்கரத்தருகே கை நீட்டிச் சூடு பார்த்து, "சாமி மலையேறிருச்சு, ஊத்தலாம்" என்று உத்தரவு கொடுத்தால்தான் வாளியைத் தூக்குகிறேன்.