ஸ்டெல்லா அக்காவின் வரவுக் கொப்பி

ஸ்டெல்லா அக்காவைக் கொன்றது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை. அந்தப் பாதை அப்படியே கிடக்க வாக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

செய்தி வந்தபோது ஹட்டனில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காலை பத்தரை இருக்கும். நிசாம் நானா அழைத்தார். கடையில் ஆள் நிற்கும் நேரத்தில் அவர் யாரையும் அழைப்பதில்லை. "தம்பி, ஸ்டெல்லா முடிஞ்சிட்டா" என்றார். அவருடைய துணிக்கடைக்குள் யாரோ சாரத் துணிக்கு விலை கேட்பது எனக்குக் கேட்டது. "ரோட்டுக்கு வர முந்தியே முடிஞ்சிச்சாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலை அக்கா வழக்கம்போல ஏழு மணிக்குப் பிள்ளைக் காம்பராவைத் திறந்திருக்கிறார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாள் மழையில் பாதை அறுந்து கிடந்ததால் கூப்பிட்ட ஆட்டோ, தேயிலைத் தொழிற்சாலை வளைவோடு நின்றுவிட்டது. கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நான்கு பெண்கள் ஓடி வந்து, பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்கார வைத்து, தொட்டில் சேலையால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். அரை மைல் சேறு. நாற்பது நிமிடம். பாதி வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாராம்: "பிள்ளைகள யாரு பாக்குறா?" ஆள் விட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இதை வாசிக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேரை அவர் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் வராத அந்த ஒரு நாளில், பிள்ளைக் காம்பராவின் சாவி அவரிடம் இருந்ததால், நாங்கள் நான்கு பேர் அங்கே கூடி நாவல் வாசித்தோம். பிள்ளைகளுக்கான ஒரு முழம் உயர வாங்குப் பலகையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்போம். தலைக்கு மேலே வெறுந்தொட்டில்கள். நிசாம் நானா, என் நண்பன் ஜெயசீலன், நான், அக்கா.

புத்தகத்தை நிசாம் நானாதான் கொழும்புக்குத் துணி எடுக்கப் போனபோது வாங்கி வந்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். எங்கோ ஒரு துறைமுக ஊரைப் பற்றிய மொழிபெயர்ப்பு. முதல் இருநூறு பக்கமும் ஒரு கப்பல் வரவில்லை; அவ்வளவுதான் கதை. ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். "வாங்கினவனுக்கே வெளங்கல்ல. நாலு பேர் சேந்தாவது வெளங்குமான்னு பாப்பம்" என்று மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து அதை எடுத்து வைத்தார். நாங்கள் அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்தோம்.

முறை வைத்துச் சத்தமாக வாசிப்போம். தாளைத் திருப்பும் முன் வாசிப்பவர் மற்றவர்களிடம் "திருப்பலாமா?" என்று கேட்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினால்தான் திருப்பலாம். நாங்கள் மூவரும் உடனே ஆட்டிவிடுவோம். அக்கா "இருங்க" என்பார். பிள்ளைகளுக்கு வரவு பதியும் கொப்பியைப் போலவே இன்னொரு கொப்பி வைத்திருந்தார். அதில் கதையில் வரும் ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று புள்ளி போடுவார். செத்தவர்களின் பெயருக்கு மேல் கோடு. அதை முடிக்காமல் அவர் தலையாட்ட மாட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. இப்படியே போனால் நீங்கள் வளர்க்கிற பிள்ளைகள் எல்லாம் பென்சன் எடுத்துவிடும் என்று ஒருநாள் சொன்னேன். கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "எடுக்கட்டும் தம்பி. புள்ளைங்க பென்சன் எடுக்குற வயசு வரைக்கும் வாழ்ற தோட்டம் ஒன்னு இருந்தா சொல்லுங்க, அங்க வேல கேட்டுப் போறேன்."

அந்தக் கதையில் ஒரு குமாஸ்தா தூரத்திலிருக்கும் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பான். நாற்பது பக்கம் கடிதம். நாங்கள் கொட்டாவி விட்டோம். அக்கா மட்டும், அவள் எழுதிய பதில் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தாளர் அதை எழுதவில்லை, அது ஒரு உத்தி என்று நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். அவர் அந்த மனைவியின் பெயரைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஆறு வாரம் கழித்து அவன் மேசை இழுப்பறையில் பிரிக்காத கடிதங்கள் கட்டாக வந்தன. எல்லாம் அவள் எழுதியவை. அக்கா கேள்விக்குறியை அழித்துவிட்டுப் புள்ளி வைத்தார்.

இனி நான் எழுத விரும்பாத இடம். கதையில் உப்பு விற்கும் ஒரு கிழவி வருவாள். அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு ஞாயிறு நிறுத்தினோம். அடுத்த ஞாயிறு ஜெயசீலனின் முறை. கொஞ்ச நேரம் வாசித்தான். பிறகு யாரிடமும் கேட்காமல் ஆறு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, குரல் மாறாமல் தொடர்ந்து வாசித்தான். அவனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். எனக்கும் அலுப்பாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்கா பேனாவை வைத்தார். "உப்புக்காரி எங்கங்க?"

"அவ செத்துட்டாக்கா. அது முக்கியமில்ல. கப்பல் வரப்போவுது, கேளுங்க."

"எப்பச் செத்தா? நான் இங்கதான இருக்கேன்."

தாள் ஒட்டியிருந்திருக்கும் என்றான் ஜெயசீலன். அக்கா என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த பிளேன்டீயைப் பார்த்தேன்.

அந்த வாரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்கும் நேரங்களில் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அவர் தனியாக வாசித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உப்புக்காரியின் பெயருக்கு மேல் கோடு போட்டிருந்தது. "பன்னண்டு பக்கமா செத்துக்கிட்டு இருக்கா. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. வாசிச்சவங்க நம்மளாவது இருந்திருக்கணும்" என்றார். வாசித்துக் காட்டச் சொன்னோம். மறுத்துவிட்டார். தாண்டியவர்தான் வாசிக்க வேண்டும் என்றார். ஜெயசீலன் சிரித்தான்.

மூன்று மாதத்தில் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஜெயசீலனுக்கு வேட்பாளராக வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஞாயிறு செங்கலைத் திறக்கவில்லை. மூன்று பேரும் சரியென்றால்தான் நிற்பேன் என்று அவன் சொன்னான். காரணம் இருந்தது. கீழ் லயத்துப் பெண்கள் அக்காவின் சொல்லைக் கேட்பார்கள். டவுனில் நிசாம் நானாவின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. என்னிடம் அச்சகம் இருந்தது.

நான் அவனுக்காக வாதாடினேன். இன்றும் அந்த வாதத்தில் பாதி சரி என்றே நினைக்கிறேன். அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்த குடும்பங்களுக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவன். அதிகாரிகளுக்கு முன்னால் கை கட்டி நிற்காதவன். வேறு யார் இருந்தார்கள்? வழக்கமாக வரும் முகங்கள், தேர்தலுக்குத் தேர்தல் தகரமும் சேலையும் கொண்டு வருபவர்கள்.

அக்கா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சீலன் தம்பி கெட்டவருன்னு நான் சொல்லல. நம்மளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான பன்னண்டு பக்கத்தத் தாண்டுனாரு. இங்க மூணு பேருக்கு முன்னாலயே தாண்டுறவரு, மேல போயி உக்காந்தா நம்ம லயத்தத் தாண்ட எவ்ளோ நேரம் ஆவும்?"

நாவலில் பக்கம் தாண்டியவன் நிற்கக் கூடாது என்றால் நாட்டில் ஒருவரும் நிற்க முடியாது என்றேன். "நின்னவங்கள்ல எத்தின பேர் பக்கத்தயே கண்டிருக்காங்க" என்றார் நிசாம் நானா. அவர் எந்தப் பக்கம் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. துணி வியாபாரி, கிழிசலை உள்ளே மடித்து வைக்கத் தெரிந்தவர் என்று அவரை ஜெயசீலன் கிண்டல் செய்தான். கிழிசலை முதலில் கண்டுபிடிப்பவனும் தான்தான் என்றார் அவர்.

அக்கா ஜெயசீலனிடம் கீழ் லயத்துப் பாதை யாருடையது என்று கேட்டார். சபையுடையதா, தோட்டக் கம்பனியுடையதா? "அதெல்லாம் சின்ன விசயம்க்கா, ஜெயிச்சதும் பாத்துக்கலாம்" என்றான். "தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி. ஒன்னும் கொறைஞ்சு போவாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்க நில்லுங்கக்கா" என்றேன்.

"நான் நின்னா பிள்ளைகள யாரு பாக்குறது?"

எல்லோரும் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தவன் நான்.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். வேறு யாராவது வைத்திருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். "அந்தப் பன்னண்டு பக்கத்த இந்த வாங்குல உக்காந்து வாசிங்க. ஏன் தாண்டுனேன்னு சொல்லுங்க. அப்புறம் கீழ் லயத்துல வீடு வீடா நானே கூட்டிக்கிட்டுப் போறேன்." தாள் ஒட்டியிருந்தது என்று ஜெயசீலன் மறுபடியும் சொன்னான். அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தார். சாட்சி நான் ஒருவன்தான். பார்த்தேன் என்று ஒரு சொல் போதும். வெற்றி பெறக்கூடிய ஒரு நண்பனை ஒரு கிழவியின் சாவுக்காக, அதுவும் கதையில் வரும் சாவுக்காக, இழக்க நான் தயாராக இல்லை. மஸ்கெலியாவில் கூட்டம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு வாசிக்கிறேன் என்று சொல்லி அவன் எழுந்து போனான்.

அக்கா தலையாட்டாமலே அவன் தேர்தலில் நின்றான். அவனுடைய துண்டுப்பிரசுரத்தை நான் எழுதினேன். கீழ் லயத்துப் பாதை முதல் வருடத்திலேயே என்று கொட்டை எழுத்தில் போட்டவன் நான். அவன் வென்றான். பாதை சபையுடையதல்ல, கம்பனியுடையது என்று சபை சொன்னது. கம்பனி சபையைக் கை காட்டியது. இரண்டு கடிதம் எழுதினான் என்று அறிகிறேன். மூன்றாவது எழுதினானா என்று தெரியாது. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் மூவரும் வாசித்தோம். கப்பல் வந்துவிட்டது. அதில் யாரும் எதிர்பார்த்தவர் இல்லை. அக்கா போகும்போது செங்கலில் நூற்றைம்பது பக்கம் மிச்சம்.

இந்த இடைக்காலத்தில் அவர் எனக்கு ஒருநாளும் "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. நான் வரும்போது பிளேன்டீயோடு சீனிக்குப் பதில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பார். எனக்கு அது பிடிக்கும் என்று நான் சொன்ன ஞாபகம் இல்லை. அவர் கவனித்திருக்கிறார். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எது பிடிக்கும். அதுதான் அவருடைய வேலை, அவர் வாசித்த விதமும் அதுதான்.

அடக்கத்துக்கு ஜெயசீலன் வந்தான். வாகனம் தொழிற்சாலை வளைவில் நின்றது. காற்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் நடந்து வந்தான். கல்லறையில் பேசினான், நன்றாகவே பேசினான். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் கலைந்ததும் அவனிடம் போய், அந்தப் பன்னிரண்டு பக்கத்தை வாசிக்க வருவாயா என்று கேட்டேன். என் தோளில் கை வைத்தான். "இப்ப அதுக்காடா நேரம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். பிறகு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

அக்காவின் மகள் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தாள். அதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. கதையின் ஆட்களுக்குக் கீழே, கடைசிப் பக்கத்தில், எங்கள் நான்கு பேரின் பெயர்களும் இருந்தன. எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் பதிந்திருக்கிறார். ஜெயசீலனுக்கு நேரே வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று கடைசி ஞாயிறு வரைக்கும். பெயரை வெட்டவில்லை. என் பெயருக்கு நேரே புள்ளிகள். ஒரேயொரு ஞாயிறு மட்டும் கேள்விக்குறி. எந்த ஞாயிறு என்று எனக்குத் தெரியும்.

செத்தவரின் பெயருக்குக் கோடு போடாமல் விடுவது அவருக்குப் பிடிக்காது. பேனாவை எடுத்து ஸ்டெல்லா என்ற பெயருக்கு மேல் கோடு போட்டேன். என் கேள்விக்குறியை நான் அழிக்கவில்லை. அதை இப்படி எழுதித்தான் அழிக்க முடியும் என்று நினைக்கிறேன்: பார்த்தேன். ஆறு தாள். ஒட்டியிருக்கவில்லை.

ஜெயசீலன், இது உனக்கும் வரும். ஞாயிறு மூன்று மணிக்கு நிசாம் நானாவும் நானும் பிள்ளைக் காம்பராவில் இருப்போம். வாகனத்தை வளைவில் விட்டுவிட்டு நடந்து வா. அந்த வாங்கில் உட்கார். புத்தகத்தை எடுத்து, அவர் கேட்ட பன்னிரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசி. ஒவ்வொரு தாளுக்கும் திருப்பலாமா என்று கேள்.