ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

தெருவில் எல்லோரும் அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். உள்ளறையில் படுத்த படுக்கையாக மாமியார். இரண்டுக்கும் நடுவே நடந்தே அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

சாயங்காலம் அரை மணி நேரம் ஏரிக்கரையில் சும்மா சைக்கிளில் சுற்றிவர வேண்டும். எதையும் வாங்க அல்ல, யாரையும் பார்க்க அல்ல. இதை வாய்விட்டுச் சொல்லவே அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று. கணவர் மறுக்கவில்லை. நல்ல மனுஷர், அதுதான் தொல்லையே. "சாயங்காலம் நான் வந்து அம்மாவப் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்று நாத்தனாரும் போனில் தேனாய்ப் பேசினாள்.

சைக்கிள் கடையில் அவள் அவசரப்படவில்லை. குனிந்து ஓட்டும் சைக்கிள்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"குனிஞ்சேதான் என் பொழப்பு ஓடுது. நிமிந்து உக்கார்ற மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

அகலமான ஸ்பிரிங் சீட்டு, கைக்கு எட்டும்படி வளைந்த ஹேண்டில்பார், காலைத் தூக்கிப் போடாமல் ஏறும்படி தாழ்ந்த கம்பி. கடைக்காரர் ஸ்டாண்டு போட்டு அவளை ஏறச் சொல்லி, கால் வாகாக நீளும்வரை சீட்டை உயர்த்தினார். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றியது. முதுகு வலிக்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சைக்கிள் வீட்டுக்கு வந்த முதல் நாள் நாத்தனாருக்குத் தலைவலி. மறுநாள் விருந்தாளி. அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒருநாள் துணிந்து, மாமியாரைத் தனியே விட்டுத் தெருமுனை வரை சைக்கிளில் போனாள். மாமியார் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?" என்று கணவர் சைக்கிளை முன்னறைக்குத் தூக்கிவந்து, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டார். "மிதிக்கத்தான ஆசப்பட்ட? இங்கயே மிதி. வெயில் இல்ல, தூசி இல்ல. அம்மா கூப்பிட்டா இறங்கிக்கலாம்." தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பாழாய்ப்போன சீட்டு கடையில் இருந்த அதே சுகத்தோடு இருந்தது. ஆத்திரம் தாங்காமல் மிதித்தாள்.

உள்ளறையில் மாமியாருக்குச் சக்கரச் சத்தம் கேட்டது. "யாரு, நீயா? வெளிய கிளம்பிட்டியா?"

"இல்ல அத்தை."

"என்ன விட்டுட்டுப் போயிடாதடி."

"எங்க அத்தை போறது?" என்றாள். அழுகை வெளியே கேட்டுவிடக் கூடாதென்று இன்னும் வேகமாக மிதித்தாள்.