காப்புக்கு முந்தைய பேருந்து

1. காலை 8.20: நானும் பாண்டி அண்ணனும் மதுரை காளவாசல் விடுதியிலிருந்து கிளம்பினோம்.
2. 10.30: டி. கல்லுப்பட்டி. பருத்திப்பால், டம்ளர் பதினைந்து ரூபாய்.
3. 11.40: கல்லுப்பட்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, அண்ணனின் ஊர்.
4. மாலை 4.50: திரும்பும் பேருந்தில் நான் மட்டும் ஏறினேன்.

எங்களுடையது ஊர் ஊராகப் போகும் மெல்லிசைக் குழு. நான் கோயம்புத்தூர்க்காரி, மின்னணுவியல் படித்துவிட்டுக் கீபோர்டு வாசிக்கிறேன், ஒயர்களையும் பார்த்துக்கொள்கிறேன். பாண்டி அண்ணன் டிரம்ஸ். திங்களன்று மதுரையில் கச்சேரி முடிந்தது. அடுத்து புதன் தூத்துக்குடி, வியாழன் நாகர்கோவில், சனி மறுபடி மதுரையில் செல்லூர். நடுவில் செவ்வாய் ஒருநாள் ஓய்வு. "எங்க வீட்டுல சாப்ட்டு வந்துருவோம், வா தங்கச்சி" என்றார் அண்ணன். குழுவை நடத்துபவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவனைச் சாயந்தரம் கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு" என்றார். ஒப்புக்கொண்டேன்.

பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் நகரப் பேருந்து. எனக்குக் கட்டணமில்லை என்பதை அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்காட்டினார். திருமங்கலம் தாண்டியதும் மண் கறுத்தது. மக்காச்சோளம் அறுத்த காடுகளில் தட்டை குத்திட்டு நின்றது. மேற்கே மட்டும் மங்கலாக மலை. மற்ற மூன்று பக்கமும் வானம் தரையில் வந்து முட்டியது. எங்கள் பக்கம் இவ்வளவு வானத்தை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

கல்லுப்பட்டியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அண்ணனிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "கை எப்பிடி இருக்கு மாப்ள?" போன வருடம் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்கு மாதம் அவரால் குச்சி பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் கையைச் சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவருடைய ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"அடுத்த வாரம்னுல்ல நெனச்சேன்!"

காளியம்மன் பொங்கலை ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்களாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். தினமும் ஐம்பது காலை வணக்கம் வருகிறதென்று அண்ணன் அதன் சத்தத்தை எப்போதோ அணைத்துவைத்திருந்தார்.

கோயில் பக்கமிருந்து குழாய் ஒலிபெருக்கி கத்தியது. "சாயந்தரம் ஆறு மணிக்குக் காப்பு. வெளியூர்க்காரவுக அதுக்குள்ள எல்லையத் தாண்டிருங்க. அப்பறம் எங்களக் கொற சொல்லப்புடாது!" கூடவே காதைக் கிழிக்கும் கீச்சொலி.

விதி எளிது. காப்பு கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள் எட்டு நாளும் இரவு இங்கேதான் தூங்க வேண்டும். பகலில் வெளியே போய் வரலாம். தூத்துக்குடியில் கச்சேரி முடியவே பதினொரு மணியாகும். ஆறு மணிக்குமுன் இருக்கும் ஒரே பேருந்து 4.50. அதை விட்டால் இரண்டு கச்சேரிக்கு டிரம்ஸ் இல்லை, கீபோர்டும் இல்லை.

கீச்சொலி என்னால் தாங்க முடியவில்லை. போய்ப் பார்த்தேன், குழாய் மைக்கைப் பார்த்தபடி இருந்தது. தெருப்பக்கம் திருப்பிவைத்தேன். நின்றுவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றார் மைக்செட்காரர். "நாலு வருசமா அம்மன்தான் கத்துதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

வீட்டில் அண்ணனின் அம்மா புளிக்குழம்பும் அப்பளமும் வைத்தார். "நேத்து வந்திருந்தா கோழி அடிச்சிருப்பேன் தாயி. இன்னைக்கு வீடெல்லாம் கழுவியாச்சு." கொடியில் புது மஞ்சள் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"ஆருக்கு அது?" என்றார் அண்ணன்.

"எனக்குத்தான். அக்கினிச்சட்டி எடுக்கேன்."

"எதுக்கு?"

"ஒங் கைக்கு."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "எங்கிட்டச் சொல்லவே இல்லயே?"

"சொன்னா என்னத்தக் கிழிப்ப? ஒனக்குப் புரோகிராம் இருக்கும். சோத்தத் தின்னு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இந்த ஊரில் நான் மிகவும் மதித்தது இதைத்தான். ஒருவர்கூட அவரை "இரு" என்று சொல்லவில்லை. மாறாக, நாலரை மணிக்கே எங்களைத் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். திண்பண்டப் பையோடு ஓர் அத்தை, தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு மாமா. "போற பொழப்பக் கெடுத்துக்காத மாப்ள, கெளம்பு கெளம்பு!" ஒலிபெருக்கியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்: "கொழாயத் திருப்புன தங்கச்சி, பஸ் வந்துருச்சு!"

நான் ஏறிச் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். அண்ணன் பையைப் படியில் வைத்தார். திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"ஏறுடா!" என்றார் அம்மா.

"நீ சட்டி எடுப்ப, நான் தூத்துக்குடில தட்டிக்கிட்டிருக்கவா?" என்றவர், சன்னலருகே வந்தார். "தங்கச்சி, நீ படிச்ச புள்ள. என்னமாச்சும் பண்ணு."

என் கீபோர்டில் தாளத்தைப் பதிந்து ஓட்ட முடியும். ஆனால் அண்ணன் ஒவ்வொரு பாட்டையும் தனக்கென்று ஒரு வேகத்தில் இழுப்பார். பாடகர்களுக்கு அதுதான் பழக்கம். வரச்சொல்லி வற்புறுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். குறிப்பேட்டை எடுத்தேன்.

"முதல் பாட்டு. என்ன வேகம்ணா?"

அவர் பேருந்தின் தகரத்தில் தட்டினார், முறிந்து கூடிய அதே கையால். நான் கைபேசி நொடிமானியைப் பார்த்து எண்ணி எழுதினேன். இரண்டாவது. மூன்றாவது. ஓட்டுநர் எஞ்சினை உறுமவிட்டார்.

"யோவ், பஸ்ஸா மத்தளமா?" என்றார் நடத்துநர்.

"ஒரு ரெண்டு நிமிசம்ணே. காப்புக் கட்டுற ஊரு, கோவிக்காதீக."

"காப்பு ஒனக்கு. டயம் எனக்கு."

ஒன்பதாவது பாட்டில் பேருந்து நகர்ந்துவிட்டது. அண்ணன் பத்தாவதைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் ஓடினார்; என்னால் எண்ண முடியவில்லை. அம்மா அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இரவு எட்டு மணி, காளவாசல். அண்ணன் கையில் காப்பு ஏறிவிட்டது. குழுவை நடத்துபவர் என்னோடு பேசவில்லை. செல்லூர்க்காரர்கள் சனிக்கிழமை கச்சேரியை ஒன்பதரைக்கு முடித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அண்ணன் வாசித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் ஊருக்குத் திரும்புவார். தூத்துக்குடிக்கு இருபத்திரண்டு பாடல்கள். ஒன்பதற்குத் தாளம் பதிந்துவிட்டேன். பதிமூன்று பாக்கி.